இருபத்திரண்டாவது கைநாட்டு

"இதோ பாருங்க சார், ஊஹூம் பெரியவரே கைநாட்டு வச்சிருக்காரு. வேற என்ன அத்தாட்சி வேணும்?"

பஞ்சாயத்து எழுத்தர், விசாரிக்க வந்திருந்த மேலதிகாரி பக்கம் பதிவேட்டைத் திருப்பினார்.

கூட்டத்தில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பக்கத்தில் இருந்தவள் அவளை இடித்தாள்.

எதைக் கேட்டாலும் ஊஹூம் என்று தலையாட்டுவதால் பெரியவருக்கு அந்தப் பெயர். அரசாங்கம் சும்மா கொடுக்கிறது என்றால் அவருக்கு உடம்பெல்லாம் சந்தேகம் வந்துவிடும். மடியில் துண்டும், துண்டுக்குள் கையுமாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

கீழத்தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் போட அரசாங்கப் பணம் வந்திருந்தது. குழாய் வேண்டாம், செங்கல் சூளைக்குப் போகும் பாதைக்குத் தார் போடுங்கள் என்று போன மாதக் கூட்டத்தில் கீழத்தெருக்காரர்களே ஒப்புக்கொண்டதாகப் பதிவேடு சொன்னது.

சூளை, ஊர்த் தலைவருடையது.

அப்படி ஒரு கூட்டம் நடந்ததே கீழத்தெருவுக்குத் தெரியாது. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத இருபத்திரண்டு பேரின் கைநாட்டும் வரிசையாக இருந்தது.

நாங்கள் வைக்கவில்லை என்று ஆளாளுக்குச் சொல்லிப் பார்த்தார்கள். வாயால் சொல்வதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று கேட்டார் எழுத்தர். ஊருக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, அதற்குள் நாக்கு அத்தனை நீளம்.

அதிகாரிக்கும் வழி தெரியவில்லை. ரேகையை அனுப்பி ஒப்பிட்டுப் பதில் வருவதற்குள் வருஷக் கணக்கு முடிந்துவிடும். பணம் வந்த வழியே திரும்பிவிடும். பெண்கள் இன்னும் எத்தனை வருஷம் ஒரு மைல் நடந்து குடம் சுமப்பார்களோ.

பெரியவரின் மனைவி அவர் காதோரம் வந்தாள். "போய்க் காட்டுங்களேன். என்ன கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"இருடி. அவன் இன்னும் கொஞ்சம் மேல ஏறட்டும்."

பிறகு அங்கிருந்தே குரல் கொடுத்தார். "ஏம்ப்பா, அது எந்த விரலு?"

"இடது கட்டைவிரல்தான். மறந்துபோச்சா பெரியவரே? நீங்கதானே கடைசி ஆளா வந்து வச்சீங்க."

"நல்லாப் பாத்துச் சொல்லு. என் கைதானா?"

"உங்க கையேதான். நான்தானே புடிச்சு அழுத்தினேன்."

கீழத்தெரு மொத்தமும் முந்தானையாலும் துண்டாலும் வாயைப் பொத்திக்கொண்டது. தலைவர் மட்டும் கூரையைப் பார்த்தார்.

பெரியவர் எழுந்தார். அவசரமே இல்லாமல் நடந்து மேசைக்கு வந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இடது கையைப் பதிவேட்டின் மேல் விரித்து வைத்தார்.

நாலு விரல்தான் இருந்தது.

கட்டைவிரலைத் தீவனம் வெட்டும் இயந்திரம் கொண்டுபோய் முப்பது வருஷம் ஆகிறது.

அதிகாரி கையைப் பார்த்தார். கைக்குப் பக்கத்தில், சுழி சுழியாக, ஒரு வரி பிசகாமல் விழுந்திருந்த ரேகையைப் பார்த்தார். பேனாவை எடுத்துப் பக்கத்தின் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தார்.

"இந்தத் தீர்மானம் செல்லாது. நாளைக்கே குழாய்க்குப் பள்ளம் தோண்டச் சொல்லுங்க."

கீழத்தெரு போட்ட சத்தத்தில் ஜன்னலில் இருந்த புறாக்கள் பறந்தன.

பெரியவர் நகரவில்லை. எழுத்தரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எழுத்தர் மெதுவாகத் தன் இடது கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.