ஒன்பது மணிக் கோடு

"பூபாலண்ணா, இரும்பு எதுவும் இல்லையே?"

"இல்ல மேடம். தாயத்தைக்கூட கேட்டுலயே கழட்டி வெச்சுட்டேன்."

பூமியின் காந்தத்தை அளக்கும் கருவி இருக்கும் அறையைத் தினமும் காலையில் பெருக்குவது என் வேலை. மல்லாபூர் வீட்டிலிருந்து நான் ஓட்டி வரும் சைக்கிளையும் கேட்டுக்கு வெளியேதான் விட வேண்டும். இரும்போடு உள்ளே வந்தவனை அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள்.

சுபாஸ்ரீ மேடம் கம்ப்யூட்டரைக் காட்டினார்.

"சூரியப் புயல் அடிச்சாத்தான் இந்தக் கோடு துள்ளணும். சூரியன் அமைதியா இருக்குன்னு அமெரிக்காக்காரன் போட்டிருக்கான். இங்க மட்டும் ஒரு மாசமா தினம் ஒன்பது மணிக்குத் துள்ளுது. நாளைக்குப் புயல் வருமா வராதான்னு நான் எதை வெச்சு அண்ணா சொல்றது?"

"எனக்கென்ன தெரியும் மேடம்."

"நம்ம ஆளுங்கள்ல எவனோ இரும்போட கிட்ட வர்றான். உங்களை மட்டும்தான் நம்புறேன். நாளைக்குக் கருவி பக்கத்துலயே உக்காந்து ஜன்னல் வழியா பாருங்க. யாருன்னு தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடலாம்."

தலையாட்டினேன். வேறென்ன செய்வது? ஐந்து மாதத்துக்கு முன்பு லாரி மோதித் தொடை உடைந்தபோது, எலும்புக்குள் ஒரு முழ நீளத்துக்கு இரும்புக் கம்பி வைத்துத் தைத்ததை, போன மாதம் வேலைக்குத் திரும்பியபோது இங்கே யாரிடமும் நான் சொல்லவில்லை.

மறுநாள் ஒன்பது மணிக்குப் போய்க் கருவியை ஒட்டி உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் அறையிலிருந்து மேடத்தின் குரல் வந்தது.

"அண்ணா, கோடு துள்ளுது, வந்துட்டான். அசையாம உக்காந்து யாருன்னு பாருங்க."