வகுப்பறை முயல்

"லீவுல இந்த மொசல யாரு பாத்துக்குவா, டீச்சர்?" என்று கேட்டார் தலைமையாசிரியர் மெய்யப்பன்.

"தேவிஸ்ரீ வீட்டுக்குக் கொண்டுபோறாளாம், சார்," என்றாள் நித்யகல்யாணி. முயல் வந்த பிறகுதான் அவள் வகுப்பில் சிரிப்புச் சத்தமே கேட்டது.

மதியம் தேவிஸ்ரீயின் அப்பா கனகராஜ் வந்தார். "மன்னிச்சிருங்க டீச்சர். தஞ்சோங் மாலிம் டவுன்ல கார் பேக்டரியில வேலை கெடைச்சிருச்சு. இனிமே புள்ளையும் அங்கதான் படிக்கும்."

நித்யகல்யாணி கூண்டை எடுத்துத் தேவிஸ்ரீயிடம் நீட்டினாள். "அழாதம்மா, கூடவே கொண்டுபோ."

"வேணாம் டீச்சர். நானும் போயிட்டா வகுப்புல உங்களுக்கு யாரு இருக்கா?"

தோட்டப் பள்ளியின் கடைசி மாணவி அப்பாவின் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனாள். பள்ளி முடியும் மணியை அடிக்க எழுந்த மெய்யப்பன், யாருக்காக என்று மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.