நாற்பத்தெட்டாவது விதி

ஆஸ்டின் டவுனில் அந்த ஐந்து மாடிக் குடியிருப்பின் ஆண்கள் ஞாயிறுதோறும் ஒரு விளையாட்டு ஆடுவார்கள். காயும் இல்லை, பகடையும் இல்லை. கூடி உட்கார்ந்து விதி போடுவதும், போட்ட விதியை ஓட்டெடுத்து மாற்றுவதும்தான் ஆட்டம். ஆடுபவர்கள் பதினெட்டு பேர். வருடத்துக்கு ஒரு தலைவர்.

இந்த வருடம் தலைவர் தேர்தலில் நின்றவர் சந்திரசேகரன். சர்க்கார் உத்தியோகத்தில் முப்பது வருடம் சுற்றறிக்கை எழுதி ஓய்வு பெற்றவர். போன வாரம் அவரே நாற்பத்தெட்டாவது விதியைக் கொண்டுவந்து நிறைவேற்றினார்: ஜெயிப்பவர் தந்த வாக்குறுதியை நிறைவேற்றியே ஆக வேண்டும், தவறினால் அவர் வீட்டார் யாரும் ஒரு வருடம் லிஃப்டில் ஏறக் கூடாது.

அதே சூட்டோடு எழுந்து முழங்கினார். "நான் ஜெயிச்சா, வருஷம் பூரா ஞாயித்துக்கிழமை காலைல பதினெட்டு வீட்டுக்கும் எங்க வீட்டு இட்லி!"

எதிர்த்து நின்ற கோவிந்தராஜன் விடவில்லை. "மதியத்துக்கு எங்க வீட்டு பிசிபேளேபாத்!"

தேர்தலன்று காலை, சந்திரசேகரன் தன் மனைவி அம்புஜத்திடம் வெள்ளைத் தாள்களைக் கிழித்து நீட்டினார். "இருபது சீட்டு. பேரை எழுதி, கீழே பெட்டியில போட்டுட்டு வா. என் கையெழுத்து எல்லாருக்கும் தெரியும்."

"கள்ள ஓட்டா? மாட்டிக்கிட்டா?"

"கள்ள ஓட்டு கூடாதுன்னு எந்த விதியில இருக்கு? நாப்பத்தெட்டையும் புரட்டிட்டேன். கோவிந்தராஜன் வீட்ல மட்டும் என்னவாம்? அவர் சம்சாரம் வனஜா ஜன்னலோரம் உக்காந்து கத்தை கத்தையா எழுதறாங்க."

அம்புஜம் மறுபேச்சில்லாமல் பேனாவை எடுத்தாள். முட்டி வலியால் படி இறங்க முடியாதவள், நாலாவது மாடியிலிருந்து தானே லிஃப்டில் இறங்கிப் போய்ப் போட்டுவிட்டு வந்தாள்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல, சொன்னதும் செஞ்சது இதுதாம்மா முதல் தடவை" என்று நெகிழ்ந்தார் அவர்.

மாலையில் பெட்டியைத் திறந்து எண்ணிய செக்யூரிட்டி உத்தமன் தலையைச் சொறிந்தான். "சார், ஆடறது பதினெட்டு பேரு. ஓட்டு அறுபத்து மூணு இருக்கு."

"மோசா! மோசா!" கோவிந்தராஜனுக்குக் கோபம் வந்தால் கன்னடம்தான்.

"எந்த விதியை மீறியிருக்குன்னு நம்பர் சொல்லுங்க, ஸ்வாமி" என்று புத்தகத்தை நீட்டினார் சந்திரசேகரன். கூட்டம் நாற்பத்தெட்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு எண்ணிக்கையை ஒப்புக்கொண்டது.

சந்திரசேகரனுக்கு முப்பத்து மூன்று. கோவிந்தராஜனுக்கு முப்பது. சந்திரசேகரன் கழுத்தில் மாலை விழுந்தது.

"கங்க்ராட்ஸ்க்கா!" வனஜா ஓடி வந்து அம்புஜத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். தோற்றவர் வீட்டில் இவ்வளவு பெருந்தன்மையா என்று கூட்டமே வியந்தது.

அம்புஜத்தின் கண்ணில் தண்ணீர். "ஆனந்தக் கண்ணீர்" என்று எல்லோருக்கும் விளக்கினார் புதிய தலைவர், மாலையைச் சரிசெய்தபடி.

இருபது சீட்டிலும் கோவிந்தராஜன் பெயரை எழுதிப் போட்ட அம்புஜத்துக்கு, வனஜா இருபத்தைந்து சீட்டில் சந்திரசேகரன் பெயரை எழுதிப் போட்டிருப்பாள் என்று எப்படித் தெரியும்?