சம்பந்தி அனுப்பிய பாட்டில்

"கத்தியை அந்தாண்ட வைடி! சொரண்டினா கண்ணாடிதான் கீறும், பசை வராது" என்று மகளை அதட்டினாள் அற்புதமேரி.

திண்டிவனத்தில் அவள் வீட்டுக் கிணற்றடியில், பெரிய அண்டா நிறைய ஒயின் பாட்டில்கள் சோடா உப்பு கரைத்த வெந்நீரில் மூழ்கிக் கிடந்தன. எல்லாம் புதுச்சேரியை ஒட்டிய குயிலாப்பாளையத்தில் குடியிருக்கும் வெள்ளைக்காரர்கள் குடித்துப் போட்டவை. பழைய பாட்டில்காரர் சைக்கிளில் கொண்டுவந்து கொடுப்பார். ஒரே உயரம், ஒரே பச்சை நிறம். லேபிளை எடுத்துக் கழுவிக் காயவைத்தால்தான் ஜாடியில் இருக்கும் திராட்சை ஒயினை ஊற்ற முடியும். கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது.

"பேப்பர் வந்துடுச்சும்மா. பிசுக்குதான் போவ மாட்டேங்குது. மண்ணெண்ணெய் தொட்டுத் தொடைக்கட்டுமா?" என்று கேட்டாள் விழுப்புரத்திலிருந்து வந்திருந்த சூசை மேரி.

"தொடை, தொடை. அப்புறம் ஒயின் குடிக்கிறவன் ஸ்டவ் அடுப்பு மாதிரி ஏப்பம் விட்டுக்கினு திரிவான். மல்லாட்டை எண்ணெயைத் தடவி ஊற விடு. பொறவு சாம்பலைப் போட்டுத் தேய். எந்த நாட்டு கம்பெனி பசையா இருந்தாலும் என் கைக்கு மசிஞ்சுதான் ஆவணும்!"

சொன்னபடியே ஒரு பாட்டிலைத் தேய்த்து அலசி வெயிலில் தூக்கிப் பிடித்தாள். பளிச்சென்று மின்னியது.

"இந்த வாட்டி உன் மாமனார் வாயை அடைக்கிறேனா இல்லையா பாரு."

அந்தச் சபதத்துக்கு வயது ஒன்று. மகளுக்குக் கல்யாணமாகி வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு, முந்தின நாள் சாயந்திரமே ஒரு பாட்டில் ஒயினோடு சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தாள் அற்புதமேரி. சம்பந்தி சவரிநாதன் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "வீட்டுல போட்டதா? சமையக்கட்டுல இருக்கட்டும்" என்று ஓரங்கட்டிவிட்டார். மறுநாள் விருந்தில், புதுச்சேரி நண்பர் கொடுத்த பிரெஞ்சு ஒயினைத்தான் பங்கு சாமியார் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லோருக்கும் ஊற்றினார். ஆளாளுக்கு நாக்கைச் சப்புக்கொட்டிப் புகழ்ந்தார்கள்.

அத்தனை பேர் எதிரிலும் அற்புதமேரி சொல்லிவிட்டு வந்தாள்: "அடுத்த கிறிஸ்துமஸுக்கு இதைவிட நல்ல ஒயினு கொண்டாறேன் சம்பந்தி. முடியலேன்னா இனிமே ஜாடியையே தொட மாட்டேன்."

சவரிநாதன் அதை மறக்கவில்லை. ஷோகேசில் வைத்திருந்த அந்தப் பிரெஞ்சு ஒயினின் காலி பாட்டிலை இப்போது மருமகளிடமே கொடுத்தனுப்பியிருந்தார். "இதுல ஊத்தினாலாவது ருசி வருதான்னு உங்கம்மாவைப் பாக்கச் சொல்லு!"

"குசும்பு புடிச்ச மனுசன்" என்று சிரித்தாள் அற்புதமேரி. "ஆனா ஒண்ணுடி மேரி, பொய் சொல்லக்கூடாது. அன்னிக்கி நானும்தான் குடிச்சேன். நம்மளுது அதுகிட்ட நிக்காதுன்னு எனக்கே பட்டுது. அதான் இந்த வருஷம் பழத்தை ஒண்ணொண்ணா பொறுக்கிப் போட்டிருக்கேன். செயிச்சுடுவேன். எடு, அந்த பாட்டிலையும் ஊறப் போட்டுடலாம்."

"அது... அதை நான் அப்புறமா கழுவறேம்மா."

"அப்புறம் என்ன அப்புறம்? ஜல்தியா குடு."

குளிர்ந்த பாட்டிலை நேரே வெந்நீரில் போட்டால் விரிசல் விடும். அதனால் அதை வாங்கிய அற்புதமேரி முதலில் வாளியில் இருந்த பச்சைத் தண்ணீரில் முக்கினாள். கொஞ்ச நேரம்தான். லேபிள் தானாகவே வழுக்கிக்கொண்டு வந்து தண்ணீரில் மிதந்தது.

அற்புதமேரி பாட்டிலை விரலால் தடவினாள். முகர்ந்து பார்த்தாள்.

"மைதா பசை! கம்பெனிக்காரன் மைதா பசையிலயாடி லேபிள் ஒட்டுவான்?"

சூசை மேரி மிதந்த லேபிளை எடுக்கக் குனிந்தாள்.

"புரிஞ்சு போச்சு! எந்தக் கடையிலயோ எதையோ வாங்கி ஊத்தி, மேல பிரெஞ்சு லேபிளை ஒட்டி ஊரையே ஏமாத்தி இருக்காரு உன் மாமனாரு. அந்தப் பவுசுலதான் என் ஒயினை ஓரங்கட்டினாரா?" அற்புதமேரி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அடுத்த பஸ்ஸைப் புடிக்கிறேன். சாமியார் எதிர்லயே நிக்க வெச்சுக் கேக்கறேன்."

மகள் ஓடிவந்து வழியை மறித்தாள். "அம்மா, என் குடித்தனத்தைக் கெடுத்துடாத! மாமாவுக்கு ஒண்ணுமே தெரியாது. ஒட்டினது நான்தான்."

"நீயா?"

"போன கிறிஸ்துமஸ் ராப்பூசைக்குக் கெளம்பற அவசரத்துல அந்த பிரெஞ்சு பாட்டிலைத் தொடைச்சேன். மாமா தெறந்து மோந்து பாத்துட்டு மூடி வெச்சிருந்தாரு. கை நழுவி ஒடைஞ்சு போச்சும்மா. வந்து ஆறு மாசம் ஆவாத மருமவ, என்னான்னு சொல்லுவேன்? ஒடைஞ்ச சில்லுல இருந்த லேபிளை நீ சொல்லிக் குடுத்த மாதிரியே ஊறவெச்சு கிழியாம எடுத்தேன். ஸ்டார் ஒட்டக் காய்ச்சின பசை மிச்சம் இருந்துது. அதே மாதிரி இன்னொரு பச்சை பாட்டில்ல ஒட்டி வெச்சுட்டேன்."

அற்புதமேரிக்குக் கோபம் போய்க் குழப்பம் வந்தது. "பாட்டிலை மாத்தினே, சரி. உள்ள இருந்த ஒயினுக்கு எங்கடி போன? அப்பேர்ப்பட்ட ருசி..."

"எங்கேயும் போவல. நீ கொண்டாந்த பாட்டிலுதாம்மா அது" என்றாள் சூசை மேரி. "மாமா ஒரு வருஷமா பாண்டிச்சேரில கடை கடையா ஏறி எறங்கிக்கினு இருக்காரு. எந்த பிரெஞ்சு ஒயின்லயும் அந்த ருசி இல்லையாம்!"