ஐந்து பூஜ்யங்கள்

"அஞ்சாவது தடவையும் பூஜ்யமா, சார்ஜன்ட்?"

வெர்னா டாக்கட்டின் குரல் காத்திருப்போர் வரிசையின் கடைசி நாற்காலி வரை எட்டியது. இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஹாலிஸ் ப்ரூவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பன்னிரண்டு ஆண்டுகள் ராணுவ லாரிகளைப் பழுது பார்த்தவர். படையிலிருந்து விலகி வந்தபின் டீசல் மெக்கானிக் சான்றிதழுக்கான தேர்வில் திரும்பத் திரும்ப உட்காருகிறார்.

படையில் பணியாற்றியவர்களுக்கு உரிய கல்விச் சலுகையில், அந்தத் தேர்வின் கட்டணம் திரும்பக் கிடைத்துவிடும். தேறினாலும் கிடைக்கும், தவறினாலும் கிடைக்கும். விண்ணப்பத்தைச் சரிபார்த்து அனுப்புவது, மாவட்ட முன்னாள் படைவீரர் அலுவலகத்தில் வெர்னாவின் வேலை.

மதிப்பெண் தாளிலிருந்த பூஜ்யத்தைச் சுற்றி அவள் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டாள்.

"நாலு விடையில ஒண்ணைக் குறிக்கணும், அவ்வளவுதான். கண்ணை மூடிக்கிட்டுத் தட்டினாக்கூட கால்வாசி வந்துடும். பூஜ்யம் வாங்கறதுக்குன்னு ஒரு தனித் திறமை வேணும்."

இம்முறை வரிசை முழுவதும் சிரித்தது. அடுத்த மேசையிலிருந்த லோரெட்டா மட்டும் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒவ்வொரு தேர்வுக்கும், அவர் படிப்புக்கென அரசு ஒதுக்கிய சலுகைக் காலத்தில் ஒரு பங்கு கழிந்துகொண்டே போகிறது என்பதை வெர்னா நினைவூட்டினாள். மிச்சத்தை வைத்துக் கல்லூரியில் பொறியியல் படிக்கப் போவதாக அவர் சொன்னது என்ன ஆயிற்று என்று கேட்டாள். சான்றிதழோடு வரச் சொன்ன லாரி நிறுவனம் மாதக் கடைசி வரையில்தான் அவருக்காக வேலையை வைத்திருக்கும் என்பதையும் விட்டுவைக்கவில்லை.

"தெரியும், மேடம்" என்றார் ஹாலிஸ், தரையைப் பார்த்தபடி.

அவள் கொஞ்சம் இளகினாள். அலமாரியின் மேல் இருந்த, பீக்கன் பருப்பு வைத்துச் சுட்ட 'பை' பலகாரத்தில் ஒரு துண்டை வெட்டித் தட்டில் வைத்து நீட்டினாள்.

"சாப்பிடுங்க. இது எதுக்குன்னு கேக்கலியே? என் மகன் டெஸ்மண்ட் நேத்து அதே பரீட்சையில பாஸ் பண்ணிட்டான். முதல் தடவையே."

தங்கள் உறவினரின் விண்ணப்பத்தை அந்த அலுவலகத்தில் யாரும் தொடக் கூடாது. டெஸ்மண்டின் தாள்கள் எல்லாம் லோரெட்டாவின் மேசைக்குத்தான் போகும். வெர்னாவுக்குத் தெரிந்தது, மகன் வீட்டில் வந்து சொன்னது மட்டுமே.

"நல்ல பையன், மேடம். ரொம்பப் போராடித்தான் வாங்கியிருப்பான்."

"போராட்டம் என்ன போராட்டம்? ஒரே மூச்சுல எழுதிட்டு வந்தான். ராணுவத்துல உங்க பிரிவுல உங்ககிட்ட வேலை கத்துக்கிட்டவன்தானே? வாத்தியாரையே மிஞ்சிட்டான் பாருங்க."

கதவருகே யாரோ நின்றார்கள். டெஸ்மண்ட்தான். பை சாப்பிட வரச் சொல்லியிருந்தாள். அவள் கடைசியாகச் சொன்னது அவன் காதில் விழுந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

ஹாலிஸ் அவனைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் மெல்லத் தலையசைத்தார்.

"முதல் தடவை இல்லம்மா" என்றான் அவன். "அஞ்சாவது."

வரிசையில் இருந்தவர்கள் அவன் பக்கம் திரும்பினார்கள்.

அவன் நின்ற இடத்திலிருந்தே சொன்னான். தேர்வு அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தியதும், படையில் இருந்தபோது தீப்பிடித்து எரிந்த ராணுவ வண்டிக்குள் மறுபடியும் அகப்பட்டதுபோல் அவனுக்கு மூச்சு முட்டும். முதல் நான்கு தடவையும் பாதியிலேயே எழுந்து ஓடி வந்தான். அம்மாவிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. தேர்வு எழுதப் போவதையே மறைத்தான்.

"எழுதறவங்களைத் தவிர யாரையும் உள்ள விட மாட்டாங்க. அதனால சார்ஜன்ட்டும் ஒவ்வொரு தடவையும் பேர் குடுத்தாரு. பக்கத்து நாற்காலியில சும்மா உக்காந்திருப்பாரு. அப்பப்பத் தொண்டையைக் கனைப்பாரு. அவர் இருக்காருன்னு எனக்குத் தெரியும். நான் எந்திரிச்சு ஓடினா அவரும் எந்திரிச்சு வந்துடுவாரு. சேர்ந்து உள்ள போனவங்க சேர்ந்துதான் வெளிய வரணும். எங்க பிரிவுல அப்படித்தான்."

"அப்ப அந்தப் பூஜ்யம்..." என்றாள் வெர்னா.

"ஒரு கேள்விக்குக்கூடப் பதில் குறிக்கலம்மா. இவர் பாஸ் ஆயிட்டா அடுத்த தடவை என்கூட உள்ள விட மாட்டாங்களே."

லோரெட்டா தன் மேசை இழுப்பறையைத் திறந்து, எதையும் எடுக்காமல் மூடினாள். சிரித்த இருவரில் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

வெர்னா தன் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். சிவப்பு வட்டம் இன்னும் காயவில்லை. கட்டைவிரலால் அதைத் துடைக்கப் பார்த்தாள். மை தாளெங்கும் இழுபட்டு, விரலிலும் ஒட்டிக்கொண்டது.

"சார்ஜன்ட்..." என்றாள்.

ஹாலிஸ் மிச்சத் துண்டையும் பொறுமையாகச் சாப்பிட்டு முடித்தார். தட்டை அவள் மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"பை ரொம்ப நல்லா இருக்கு, மேடம். ஆறாவது விண்ணப்பத்துக்கு ஒரு படிவம் இப்பவே குடுத்துடுங்க. அடுத்த வியாழக்கிழமை பரீட்சை. இந்தத் தடவைதான் கேள்வியைப் படிக்கப் போறேன்."