எட்டுப் பல் பினியன்

பழைய சாமான் கொட்டகையில் அப்போது இருந்தவர்கள் நான்கு பேர்: பெரியவர், அவருடைய மைத்துனர், மெக்கானிக், கடைக்காரர். நால்வரில், பிறர் கழித்துப்போட்ட பொருளைத் தன் வாசலுக்குள் விட்டறியாதவர் பெரியவர் ஒருவர்தான்.

அதனால்தான் அவர் கைக்குட்டை மூக்கைவிட்டு இறங்கவில்லை. கியர் எண்ணெய் அழுகிய முட்டையாய் நாறியது. கடைக்காரர் ஒரு பல்சக்கரத்தின் இடுக்கில் அப்பியிருந்த கறுப்புச் சேற்றைக் கட்டைவிரலால் வழித்தார். அதே விரலை உள்ளே விட்டு டீ கிளாஸைத் தூக்கி நீட்டினார். பெரியவர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

“குடிங்க ஐயா. குடிச்சுக்கிட்டே பாருங்க. இந்தப் பெரிய பல்சக்கரம் கிரவுன், இந்தச் சின்னது பினியன். பின் அச்சுக்கு உயிரே இந்த ரெண்டும்தான். ஜோடி பிரியாதது, பல்லு ஒண்ணுகூட மழுங்கல.”

“யார் வண்டில கழட்டினது?”

“ஒரு டாக்டரோடது. மரத்துல மோதிட்டாரு.”

“செத்தவன் சாமானா! சீ!”

“டாக்டர் கல்லு மாதிரி இருக்காருங்க. மரம்தான் போயிடுச்சு.”

மைத்துனர் சிரித்தார். சிரிப்பதற்கென்றே அவர் கூட வந்திருந்தார். பதினாறு வருடங்களுக்கு முன் அவர் ஒரு பழைய வண்டி வாங்கியபோது, எவனோ உட்கார்ந்து தேய்த்த இருக்கையில் தான் உட்கார முடியாது என்று சொல்லி, பெரியவர் உச்சி வெயிலில் இரண்டு மைல் நடந்தே வீடு போனார். அன்று முதல் குடும்பத்தில் மைத்துனருக்கு ‘செகண்ட் ஹேண்ட்’ என்றுதான் பெயர்.

“என்ன அத்தான், எச்சில் சாமானை எடுக்கப் போறீங்களா? இல்ல, வண்டியை எடைக்குப் போட்டுடலாமா?”

அப்பா விட்டுப்போன காரில் பெரியவருக்குப் பின் அச்சுப் பல்சக்கரங்கள் உடைந்துபோயிருந்தன. அந்த மாடலுக்குப் புதிய பல்சக்கரம் செய்வதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இதை வாங்காவிட்டால் அப்பாவின் வண்டி எடைக்குப் போகும். வாங்கினால் பெரியவரின் சொல், மைத்துனரின் கண்ணெதிரே, எடைக்குப் போகும்.

“யானை படுத்தாலும் குதிரை மட்டம், ஞாபகம் வச்சுக்க,” என்றார் கடைசியில். “நான் வெளியூர்ல வேலையா இருந்தப்ப எங்கப்பா கடுதாசி போட்டாரு, ‘ஷோரூமிலிருந்து வண்டி வந்தாயிற்று’ன்னு. சீட்டுக் கவரைக்கூட அவர் கையாலதான் பிரிச்சாராம். இதே மாடல்ல மத்தவன் வண்டி அறுபது காட்டுற இடத்துல நம்ம வண்டி ஸ்பீடு முள்ளு எழுபது காட்டும். அது பொறந்த இடத்துப் பெருமை!”

“முள்ளு காட்டும் அத்தான், இல்லைங்கல. பக்கத்துல வர்ற என் வண்டிதான் முந்திப் போயிடும்.”

மெக்கானிக் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். வண்டியிலிருந்து கழற்றிய உடைந்த ஜோடியைச் சாக்கில் கட்டி எடுத்து வந்திருந்தார். “எதுக்கும் எண்ணிப் பார்த்துடலாங்க,” என்று இரண்டு பினியன்களையும் தகரத்தின்மேல் நிறுத்தினார்.

கடைக்காரருடையதில் ஒன்பது பல். பெரியவர் வண்டியினுடையதில் எட்டு.

கைக்குட்டை இறங்கியது. பெரியவரின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. “பார்த்தியா மச்சான்! வேற எந்த ஓட்டை வண்டியோடதையோ என் தலையில கட்டப் பார்த்திருக்கான். இந்த நாத்தத்துல வந்து நின்னதே பாவம். கிளம்பு!”

கடைக்காரர் கோபப்படவில்லை. “உங்க மாடலுக்கு ஒன்பதுதாங்க. எட்டு, சரக்கு ஏத்துற வேனுக்கு வரும். அதைக் கார்ல போட்டா முள்ளு கூடக் காட்டும், வண்டி அவ்வளவு ஓடாது.”

மெக்கானிக் தரையைப் பார்த்தபடி தலையாட்டினார்.

கடைக்காரர் உடைந்த கிரவுனைத் திருப்பி, அதன் முதுகைச் சட்டை நுனியால் துடைத்தார். அழுக்குக்கு அடியில் உளியால் கொத்திய சிறிய பெருக்கல் குறி ஒன்று தெரிந்தது.

“எங்கப்பா கொத்தினது. வித்த சாமானை மாத்திக் கொண்டாந்து யாரும் திருப்பிடக் கூடாதுன்னு, இந்தக் குறி போடாம எதையும் வெளியே விடமாட்டாரு.”

மைத்துனர் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் முந்திக்கொண்டார்.

“எவனோ களவாணிப்பய மெக்கானிக் வேலை இது! எங்கப்பாவுக்குத் தெரியாம நல்லதை உருவிட்டு, வண்டி வயித்துக்குள்ள இந்தக் குப்பையைத் திணிச்சிருக்கான். இத்தனை வருஷமா இதுமேலயா உட்கார்ந்து போயிட்டிருந்தேன்? தூ!”

அருவருப்புத் தாங்காமல் துப்பினார். கைக்குட்டையால் வாயைத் திரும்பத் திரும்பத் துடைத்தார். அதைப் பார்த்ததும் மைத்துனருக்குச் சிரிப்பு வரவில்லை.

“அத்தான் சொல்றதுதான் சரி,” என்றார் கடைக்காரரிடம், மெதுவாக. “அவங்கப்பா அதை ஷோரூம்லதான் எடுத்தாரு. ஊருக்கே தெரியும்.”

கடைக்காரர் கிரவுனைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

“ஊர் தப்பாச் சொல்லுதுங்க,” என்றார். “அவர் எங்கப்பாகிட்டத்தான் வாங்கினாரு. நான் பக்கத்துலயே நின்னேன். அது ஒரே வண்டிகூட இல்லீங்க. மூணு வண்டியோட மிச்சத்தைச் சேர்த்துக் கட்டினது.”