மின்னாத ஜாக்கெட்

போன மாதம் பைபாஸில் கல்யாண ஜோடியைப் படமெடுக்கையில், எங்கள் லைட்மேன் ஜெபமணியின் காலை ஒரு வேன் முறித்துப் போட்டது. அதன் பிறகுதான் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் என்று ஒன்று உலகத்தில் இருப்பது எங்கள் ஸ்டுடியோ முதலாளி அருமைநாயகத்துக்குத் தெரிந்தது. கடையில் ஒவ்வொன்றையும் எனக்கு மாட்டிவிட்டு, ஃபிளாஷ் போட்டுப் படமெடுத்துப் பார்த்தார். பளிச்சிட்டதையெல்லாம் கழற்றச் சொன்னார். அப்படியொரு மேதை.

"சார், வண்டிக்காரன் கண்ணுல பட்டு மின்னுறதுக்குத்தான் சார் இது," என்றார் கடைக்காரர்.

"ஆரஞ்சு கலரு பொண்ணு மூஞ்சியில அடிக்கும். இந்த வெள்ளிப் பட்டை, ஜோடி சாஞ்சு நிக்கிற காரு கதவுல தெரியும். படத்தப் பத்தி உமக்கு என்ன தெரியும்வே?"

கடைசியில் கருநீலத்தில் நான்கு வாங்கினார். அதிலும் வெள்ளிப் பட்டை இருந்தது. மின்னுகிற எதையும் கறுப்பு டேப் ஒட்டி மறைப்பது எங்கள் தொழில் வழக்கம். ஸ்டாண்டின் கால், கைக்கடிகாரம், எதையும் விடமாட்டோம். அவரே உட்கார்ந்து எல்லாப் பட்டைகளின் மேலும் டேப் ஒட்டினார். ஓரங்களை நகத்தால் அழுத்திவிட்டார். ஜெபமணியை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்காதவருக்கு அத்தனை அக்கறை.

இன்று பொழுது சாயும் நேரம், அதே பைபாஸ். கறுப்புக் காரில் சாய்ந்து நிற்கிறது ஜோடி. ஜெபமணிக்குப் பதிலாக நான் அந்த ஜாக்கெட்டைப் போட்டு, லைட்டைத் தூக்கிக்கொண்டு தார் ரோட்டில் நிற்கிறேன். அருமைநாயகம் சாலையோரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பத்திரமாக இருக்கிறார். எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கூவுகிறார்:

"பிரமாதம்! நீ ஒரு பொட்டுகூடத் தெரியலடே!"

எனக்குப் பின்னால் லாரி இரைச்சல் நெருங்குகிறது. டிரைவர் ஹாரன்கூட அடிக்கவில்லை.